வேரை விட்டு அறுத்த காளான்

கொடைக்கானலில் காளான் என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்ல முடியாது. சொன்னால் பக்கத்தில் நிற்பவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். பண்ணைக்காட்டில் பஸ் ஏறி மேலே போகும்போது, முதுகில் பையும் காதில் வயருமாக ஒரு பையன் என் பக்கம் குனிந்து, "அக்கா, மஷ்ரூம் எங்க கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறான். ஒருவன் இல்லை, பலபேர். "மார்க்கெட்டுல டப்பாவுல போட்டு விக்கிறாய்ங்க தம்பி, வாங்கிட்டுப் போயி கொழம்பு வையி" என்பேன். அவன் தேடி வந்தது வேறு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர்கள் தேடுவது தின்றுவிட்டுப் போதையில் சிரித்துக்கொண்டு கிடப்பதற்கு. நாங்கள் தேடியது குழம்புக்கு. ஊர் பார்வையில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. கூடையில் காளானோடு ரோட்டில் நடந்தால் நிறுத்தி விசாரிக்கிறார்கள். விசாரிப்பது அவர்கள் வேலை, அவர்களைச் சொல்லி என்ன செய்ய. ஆனால் அந்தப் பையன்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நானும் என் அக்காவும் பிறந்து வளர்ந்தது பண்ணைக்காட்டில், ஒரு காப்பித் தோட்டத்தில். நான் அதே ஊரில் வாக்கப்பட்டு இன்றைக்கும் அங்கேயே காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருக்கிறேன். மழை விட்டு வெயில் தலைகாட்டினால் தோட்டத்துக் கறையான் புற்றுகளில் வெள்ளை வெள்ளையாகக் காளான் கிளம்பும். புத்துக்காளான் என்போம். காம்புக்குக் கீழே வால் மாதிரி நீளமாக ஒரு வேர் புற்றுக்குள் இறங்கிப் போகும். கறிக்குழம்பு மாதிரி மணக்கும்.

அதை எடுப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பிடுங்கக் கூடாது. மண்ணை ஒட்டிக் கத்தியால் அறுக்க வேண்டும். வேரைப் பிடுங்கினால் புற்று கோபித்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காளான் விடாது என்பார்கள். விரியாத மொட்டைத் தொடக் கூடாது. இருக்கிற அத்தனையையும் வழித்துக்கொண்டு வரக் கூடாது, பின்னால் வருகிறவள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். இதையெல்லாம் யாரும் எங்களை உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி கை தானாகச் செய்யும். அக்கா இதில் என்னைவிடச் சுத்தம். நான் அவசரக்காரி, சில நேரம் வேரோடு வந்துவிடும். "உனக்கு எதுலதான் பொறுமை இருந்துச்சு" என்று திட்டுவாள்.

அவளைக் கொடைக்கானலில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஊருக்கு வெளியே, பைன் மரக்காட்டை ஒட்டிய ஒரு பங்களாவில் அவருக்குக் காவல் வேலை. பின்பக்கம் இருந்த சின்ன வீட்டில் இருவரும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அக்கா புலம்பியதும் இல்லை, அவர் அவளைக் குத்திக் காட்டியதும் இல்லை. நல்ல சாப்பாட்டுக்காரர். காளான் குழம்பு என்றால் அவருக்கு உயிர். மழைக்காலம் தொடங்கினால் எனக்குப் போன் வரும். "என்ன கொழுந்தியா, உங்க ஊருப் புத்தெல்லாம் நல்லாருக்கா?" என்று கேட்பார். எங்களைப் பற்றி விசாரிக்கவே மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கீழே வந்துவிடுவார்கள். நானும் அக்காவும் தோட்டத்துக்குள் போய் எடுத்து வருவோம். அவர் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார்.

போன ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. மலைரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. போனிலும் டவர் இல்லை. அவர்களால் கீழே வர முடியவில்லை. இதற்குமேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு அக்கா சொன்னதைத்தான் சொல்கிறேன்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் அவள் பங்களாவுக்குப் பின்னால் சுள்ளி பொறுக்கப் போயிருக்கிறாள். பைன் மரத்தடியில் வெள்ளையாகக் காளான் நின்றிருக்கிறது. பெரிசு, சுத்தமான வெள்ளை, குடை விரித்த மாதிரி. "நம்ம காளானே மேல ஏறி வந்துருச்சுன்னு நெனைச்சேன்டி" என்றாள். இந்த வருசம் மாமாவுக்குக் காளான் இல்லையே என்ற குறை அவளுக்கு இருந்தது. வீட்டுக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்தாள். எங்கள் முறைப்படி மண்ணை ஒட்டி அறுத்தாள். மொட்டுகளை விட்டாள். யாராவது பார்த்தால் வம்பு என்று கூடையில் காளானுக்கு மேலே சுக்குட்டிக் கீரையைப் பறித்து மூடிக்கொண்டாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சமைத்துவிடவில்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். ஒரு காளானின் ஓரத்தைப் புழு அரித்திருந்தது. புழு தின்றதை மனுசன் தின்னலாம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மஞ்சள் போட்டு வேகவைத்தாள். பூண்டு போட்டுப் பார்த்தாள், நிறம் மாறவில்லை. அதுவும் போதாமல் தன் கால் மெட்டியைக் கழற்றிக் கழுவி அதற்குள் போட்டாள். விசக் காளான் என்றால் வெள்ளி கறுத்துப்போகும் என்பார்கள். மெட்டி பளபளவென்று வெளியே வந்தது. அதைத் திரும்ப மாட்டிக்கொண்டுதான் இலை போட்டாள்.

மதியம் மாமா இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்குப் போட்டுவிட்டு, மிஞ்சியதில் அக்கா சாப்பிட்டாள். அவளுக்குக் கிடைத்தது குழம்பும் இரண்டொரு துண்டும்தான். அன்றைக்குப் பொழுதடைகிற வரைக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. விடிகிற நேரத்தில் அவருக்கு வாந்தி தொடங்கியது, பிறகு வயிற்றுப்போக்கு. கொஞ்ச நேரத்தில் அவளுக்கும். பக்கத்து பங்களா டிரைவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஜீப்பில் போகும்போது மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். "காளான்னு மட்டும் சொல்லிறாத. அந்தப் பசங்களோட சேத்து நம்மளையும் போதைக் கேசுன்னு எழுதிருவாய்ங்க. மொதலாளி காதுக்குப் போச்சுன்னா வேலை போயிரும். பழைய சோறுன்னு சொல்லு, அது போதும்."

அவள் பழைய சோறு என்றாள். அங்கே இருந்தவர்கள் அவள் சொன்னதற்கு ஏற்ற வைத்தியத்தைப் பார்த்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். வாந்தி நின்றது. மறுநாள் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்குத்தான் ரோடு திறந்தது. பழைய சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்ற தகவல்தான் எனக்கு வந்தது. ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு மேலே போனேன். அக்கா உள்ளே படுத்திருந்தாள். மாமா வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, மற்றபடி அதே மாமாதான்.

"வா கொழுந்தியா, நான் இருக்கனா போயிட்டனான்னு பாக்க வந்தியாக்கும்?"

"சொத்து எதுவும் எழுதி வைக்கலியே, அதக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சொத்தா? அந்தா தொங்குதுல்ல டார்ச் லைட்டு, அதான். எடுத்துக்க."

சிரித்தோம். ஒரு இட்லி சாப்பிட்டார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. சாயங்காலப் பஸ்ஸில் இறங்கி வரும்போது ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அவர் கண் மஞ்சளாகிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் பண்ணைக்காடு பிரிவுக்கு வந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் ஏறிக்கொண்டோம். அதற்குள் அவர் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது.

மதுரையில் டாக்டரம்மா ஒருவர் அக்காவிடம் நிதானமாகக் கேட்டார். அதட்டவில்லை. "என்ன சாப்பிட்டீங்கன்னு தெரிஞ்சாத்தாம்மா எதுவும் செய்ய முடியும். உங்களைத் திட்டுறதுக்குக் கேக்கல." அக்கா என்னைப் பார்த்தாள், படுத்திருந்த அவரைப் பார்த்தாள். அப்புறம்தான் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. எனக்கும் அப்போதுதான் தெரியும்.

"எங்க ஊருல மொளைக்கிற வெள்ளைக் காளானுங்க. சின்னப் புள்ளையிலிருந்து தின்னுக்கிட்டு இருக்கோம்."

"அடியில எப்படி இருந்துச்சு? கிழிஞ்ச பை மாதிரி, கிண்ணம் மாதிரி ஏதாவது இருந்துச்சா?"

"அடியப் பாக்கலீங்க. அடிய நாங்க எடுக்க மாட்டோம்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். புழு, மஞ்சள், மெட்டி என்று அவள் பார்த்த சோதனைகளையும் கேட்டுக்கொண்டு, பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு எடுத்துச் சொன்னார். இந்த வகை விசம் தின்ற உடனே காட்டாது, அரை நாளைக்கு மேல் ஆகித்தான் வயிற்றைக் கலக்கும். அப்புறம் ஒரு நாள் குணமான மாதிரி இருக்கும், ஆனால் அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரலை அரித்துக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் போகாது. மஞ்சளும் வெள்ளியும் அதைக் கண்டுபிடிக்காது. அந்தப் புழுவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, மனுச ஈரல் வேறு. "அங்க மிச்சம் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, எதுன்னு உறுதியாத் தெரிஞ்சா நல்லது" என்றார்.

வராந்தாவில் யாருக்கோ துணைக்கு வந்திருந்த ஒரு ஆள், "கொடைக்கானலா? அப்ப அந்தக் காளான்தான். வயசான காலத்துல இதெல்லாம் தேவையா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தான். "அவரு ஒரு பீடி குடிச்சவரில்ல, தெரியுமா உனக்கு? வாயக் கழுவுடா" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார். அந்த ஆளுக்கு என்ன தெரியும். ஊரே அப்படித்தான் நினைக்கும் என்று மாமா பயந்தது சரியாகத்தான் இருந்தது.

நான் மட்டும் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் குலதெய்வத்தைத் திட்டிக்கொண்டே போனேன். பங்களாவுக்குப் பின்னால் பைன் ஊசி இலைகள் ஈரத்தில் பழுப்பாகக் கிடந்தன. தேடவே வேண்டியிருக்கவில்லை. அறுத்த காம்புகள் மண்ணோடு மண்ணாக, வட்ட வட்டமாகத் தெரிந்தன. அக்காவின் கை. ஒன்றுகூடப் பிய்ந்தோ சிதைந்தோ இல்லை. பக்கத்தில் இரண்டு மொட்டுகளை அடுத்த ஆளுக்கென்று விட்டு வைத்திருந்தாள்.

ஒரு குச்சியால் அடிக்காம்பைச் சுற்றித் தோண்டினேன். நீள வேர் இல்லை. புற்றும் இல்லை, கறையானும் இல்லை. மண்ணுக்குள் காம்பு உருண்டையாகத் தடித்து, கிழிந்த முட்டைத் தோல் மாதிரி ஒரு வெள்ளைப் பைக்குள் உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா கேட்ட பை. கத்தி போன இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் அளவுகூட இல்லை, அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. என்னை மாதிரி அவசரக்காரி பிடுங்கியிருந்தால் கையோடு வந்திருக்கும். "என்னடி இது புதுசா இருக்கு" என்று தூக்கி எறிந்திருப்பாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வேரை விடு என்பது எங்கள் புற்றுக்குச் சொன்னது. இந்தப் பைன் மரங்கள் எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டவை. அவற்றின் காலடியில் முளைப்பதற்கும் எங்களுக்கும் எந்தப் பழக்கமும் கிடையாது. அக்கா கல்யாணமாகி மேலே போனபோது பாத்திரம் பண்டத்தோடு அந்த முறையையும் கொண்டுபோயிருந்தாள். மண்ணுக்குக் கெடுதல் செய்யக் கூடாது என்று நினைத்த கைதான் அது. அந்த நல்ல குணத்துக்குக் கிடைத்த கூலி இதுவா என்று வாய்விட்டுக் கேட்டேன்.

அந்த அடியையும் ஒரு மொட்டையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மதுரைக்குத் திரும்பினேன். டாக்டரம்மா பிரித்துப் பார்த்து, அதேதான் என்று தலையை ஆட்டினார். மாமாவுக்கு அதற்குள் நினைவு போய்விட்டிருந்தது. மறுநாள் மதியம் இறந்துபோனார். அக்கா பெண்கள் வார்டில் இருந்தாள். கொஞ்சமாகத் தின்றதால் அவள் ஈரல் தாங்கிக்கொண்டது. நான்தான் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. "எனக்கு மட்டும் ஏன் மருந்து கேட்டுச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

காரியத்துக்கு வந்த மாமா வீட்டு ஆட்கள் அவளை நேரடியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் காப்பி கொண்டுவந்து வைத்தபோது மட்டும் ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை. இப்பத்தான் குடிச்சோம் என்றார்கள். ஆறிப்போன காப்பியை அவளே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். அன்றைக்கே முடிவு செய்து அவளை என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் இப்போது காளான் எடுப்பதில்லை. எடுக்கப் போகிற பெண்களைத் தடுப்பதும் இல்லை, அது அவர்கள் சாப்பாடு. ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதை அறுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும் அடியோடு தோண்டிப் பாருங்கள், புற்று அதற்காகக் கோபித்துக்கொள்ளாது. தெரியாத மரத்தடியில் முளைத்ததைத் தெரிந்த காளான் என்று நினைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மெட்டியையும் பூண்டையும் நம்பாதீர்கள். அப்படியும் ஏதாவது ஆகிவிட்டால், ஆஸ்பத்திரி வாசலை மிதித்த உடனே காளான் என்று கத்திச் சொல்லுங்கள். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

"கொஞ்ச நாளைக்கு அவளை அடுப்படிக்கு விடாதடி" என்று ஊரில் இரண்டொருவர் என்னிடம் சொன்னார்கள். "ஒங்க வீட்டுக்கா வந்து ஆக்கிப் போடுறா? ஒங்க சோலியப் பாருங்க" என்றேன். அக்காவே கேட்டுச் சமையலை எடுத்துக்கொண்டாள். எனக்கு அதில் சந்தோசம்தான். கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன், எங்கள் வீட்டில் எதுவுமே சூடாக இல்லை. வெள்ளனே எழுந்து குழம்பு வைப்பாள். அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அவள் முதலில் ஒரு தட்டுச் சாப்பிடுவாள். பிறகு மூடி வைத்துவிடுவாள். சாயங்காலம்தான் எங்களுக்குப் போடுவாள். காலையில் நாங்கள் சாப்பிட்டது முந்தின நாள் அவள் தின்று பார்த்ததில் மிச்சம். கடையில் வாங்கின கத்தரிக்காயானாலும் அப்படித்தான். என் இரண்டு பெண்களும் அதைப் புரிந்துகொண்டு, சூடு பண்ணித் தரச் சொல்லிக் கேட்பதை விட்டிருந்தார்கள். எனக்குத்தான் கடைசியில் உறைத்தது.

மறுநாள் காலை அவள் தட்டுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் தடுப்பதற்குள் புளிக்குழம்புச் சோற்றில் ஒரு கை அள்ளித் தின்றுவிட்டேன்.

"ஏண்டி பாவி, நீ எதுக்குடி தின்ன? ஒனக்குப் புள்ளைக இருக்குல்ல!"

"ரெண்டு பேரும் சேந்தே பாப்போம்" என்று இன்னொரு கை அள்ளினேன்.

தோட்டத்துக்குப் போக விடவில்லை. பகல் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி துவைத்தால் கூடவே வந்து நின்றாள். வயிறு எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கல்லு மாதிரி இருக்கு என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, விளக்கு வைக்கிற நேரமும் ஆனது. அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "இன்னும் என்னக்கா பயம்? பாரு, எனக்கு ஒண்ணுமே செய்யல" என்றேன்.

"அவருக்கும் அன்னைக்குச் சாயங்காலம் ஒண்ணும் செய்யலடி" என்றாள். "நாளைக்கும் கொஞ்சம் கிடைக்குமான்னு கேட்டாரு."